காலநிலை மாற்றம், ஆற்றல் மாற்றம், மோதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமி சூடாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம், வறுமை ஒழிப்புத் திட்டம் போடுகிறவர்கள் வேறொரு பக்கம் என்று ரொம்ப காலம் இருந்துவிட்டோம். களத்தில் வாழ்கிற மக்களுக்கோ இந்த மூன்றும் சேர்ந்தே வந்து சேர்கின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை விட்டுச் சூரிய ஒளி, காற்று, பேட்டரி பக்கம் போவதைத்தான் 'ஆற்றல் மாற்றம்' என்கிறோம். அது வந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிவிட்டது. இதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காலநிலை மாற்றம் போரை உண்டாக்குகிறதா?

நேரடியாக இல்லை. மழை பொய்த்தவுடன் மக்கள் ஆயுதம் எடுத்துவிடுவதில்லை. பெரும்பாலும் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள், ஆடுமாடுகளை விற்கிறார்கள், வேறு ஊருக்குப் பிழைக்கப் போகிறார்கள், பக்கத்து ஊர்க்காரரோடு பேசி ஏதோ ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2022-இல் வெளியிட்ட அறிக்கையும், மோதல்களில் காலநிலைக்குப் பங்கு உண்டு, ஆனால் சமூகப் பொருளாதாரக் காரணங்களும் ஆட்சியின் தரமும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்றே சொல்கிறது.

இதைச் 'சம்பந்தமே இல்லை' என்று புரிந்துகொள்ளக் கூடாது. நிலம் யாருடையது, தண்ணீர் முதலில் யாருக்கு, அநியாயம் நடந்தால் யாரிடம் போய் முறையிடுவது என்ற கேள்விகளுக்கு ஒரு நாட்டில் நேர்மையான பதில் இல்லையென்றால், வறட்சி சரியாக அந்த இடத்தில்தான் போய் அழுத்தும்.

சூடானின் டார்ஃபூர் பகுதியில் 2003-இல் போர் மூண்டது. 2007-இல் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன், அது ஒரு சூழலியல் நெருக்கடியாகத் தொடங்கியது என்று எழுதினார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே பெரிய வறட்சியும் பஞ்சமும் வந்தது 1980-களில். அதற்கும் போருக்கும் இடையில் இருபது வருடம் ஓடியிருக்கிறது. நிலத் தகராறுகளைத் தீர்த்துவந்த பழைய உள்ளூர் நிர்வாகத்தை அரசே கலைத்ததும், ஜன்ஜவீத் என்ற துணைப் படைகளுக்கு ஆயுதம் கொடுத்ததும் மழை செய்த வேலையல்ல. பழியை மழைமேல் போட்டுவிட்டால் துப்பாக்கி கொடுத்தவர் தப்பித்துவிடுகிறார். இந்தப் பேச்சில் எனக்குப் பெரிய பயமே அதுதான்.

சிரியப் போருக்கு வறட்சிதான் காரணம் என்கிறார்களே?

2006-க்கும் 2010-க்கும் இடையில் வடகிழக்குச் சிரியாவில் கடும் வறட்சி இருந்தது, பல கிராமங்கள் காலியாயின. மனிதர்கள் உண்டாக்கிய வெப்பமயமாதல் அந்த வறட்சிக்கான வாய்ப்பைக் கூட்டியது என்று 2015-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2017-இல் வேறு ஆய்வாளர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். வறட்சி இருந்தது உண்மை, அதிலிருந்து போருக்குப் போடுகிற கோடு பலவீனமானது என்பது அவர்கள் வாதம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2008 மே மாதம். அரசு டீசல் மானியத்தை வெட்டியதால் லிட்டர் 7 சிரியப் பவுண்டிலிருந்து 25 பவுண்டுக்கு ஏறியது. கிணற்று மோட்டாரை டீசலில் ஓட்டும் உழவருக்கு, வறட்சியின் நடுவில் விழுந்த இரண்டாவது அடி இது. அதே வறட்சி எல்லைக்கு அப்பால் துருக்கியையும் தாக்கியது. அங்கே ஆட்சிக்கு எதிரான உள்நாட்டுப் போர் வெடிக்கவில்லை. சிரியாவில் எழுச்சி தொடங்கிய தெரா நகரமும் வறட்சிப் பகுதியில் இல்லை, நாட்டின் தென்கோடியில் இருக்கிறது. ஆட்சிக்கு எதிராகச் சுவரில் எழுதிய சிறுவர்களைப் பிடித்துப் போய்ச் சித்திரவதை செய்ததுதான் அங்கே மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

மேய்ப்பர்களும் உழவர்களும் மோதிக்கொள்வது தண்ணீர்ப் பஞ்சத்தால்தானே?

இதற்கு மாலி நாட்டை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தின் சாரம் முழுக்க இதற்குள் இருக்கிறது.

மாலியின் நடுவே நைஜர் ஆறு விரிந்து பரந்து ஒரு பெரிய உள்நாட்டுக் கழிமுகமாகிறது. வெள்ளக் காலத்தில் தண்ணீருக்குள்ளேயே வளரும் பூர்கு என்றொரு புல் அங்கே உண்டு. வெள்ளம் வடிந்ததும் அதுதான் மாடுகளுக்கு உயிர். மழைக்காலத்தில் தூரத்துப் புல்வெளிகளுக்குப் போன ஃபுலானி மேய்ப்பர்கள் வருடக் கடைசியில் மந்தையோடு திரும்பி வருவார்கள். தியாஃபராபே என்ற ஊரில் ஆயிரக்கணக்கான மாடுகள் ஆற்றை நீந்திக் கடக்கிற நாள் பெரிய திருவிழா. ஆனால் அந்த நாளை யாரும் தன்னிஷ்டத்துக்குக் குறிப்பதில்லை. நெல் அறுவடை முடிந்ததா, புல் எந்த நிலையில் இருக்கிறது என்று உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறார்கள். எந்த மந்தை முதலில் இறங்கும், எது அடுத்தது என்பதற்கும் வரிசை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மாசினா அரசு வகுத்த ஒழுங்கிலிருந்து வந்த வழக்கம் இது.

1970-களிலும் 80-களிலும் பெரும் வறட்சிகள் வந்தன. வெள்ளம் சுருங்கியது, புல்வெளி நெல் வயலாக மாறியது. மாடு நடக்கும் தடங்கள் அடைபட்டன. தகராறு வந்தால் தீர்க்க வேண்டிய அதிகாரிகளும் நீதிமன்றங்களும் இரண்டு தரப்பிடமும் காசு வாங்கிக்கொண்டு வழக்கை இழுத்தார்கள். தீர்ந்துவிட்டால் வருமானம் போய்விடுமே! இந்த வெறுப்பு பல வருடம் ஊறிக் கிடந்த இடத்துக்குத்தான் 2012-க்குப் பிறகு ஜிகாதிகள் வந்து, மேய்ச்சல் கட்டணம் அநியாயம் என்று பேசினார்கள். கேட்க ஆள் இருந்தது. அவர்களுக்கு எதிராக உழவர்கள் தரப்பில் ஆயுதக் குழுக்கள் முளைத்தன. 2019 மார்ச் 23 அன்று ஒகோசாகு என்ற ஃபுலானி கிராமத்தில் 150-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 1990-களுக்குப் பிறகு அந்தப் பிரதேசத்தில் மழை ஓரளவு மீண்டிருந்தது. கொலைகள் உச்சத்துக்குப் போனது அதற்குப் பின்னால்தான். வானம் கொஞ்சம் இரங்கிய காலத்தில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் காலநிலை நிதியை இப்படிப்பட்ட இடங்களுக்குத்தானே முதலில் அனுப்ப வேண்டும்?

அனுப்ப வேண்டும், ஆனால் அனுப்புவதில்லை. பெரிய பன்னாட்டுக் காலநிலை நிதியங்களின் கணக்கை ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2021-இல் பார்த்தது. 2014 முதல் அதுவரை, மிகவும் நலிந்த நாடுகளுக்குத் தலைக்குச் சுமார் 2 டாலர்தான் போயிருந்தது. நிலையாக இருக்கும் நாடுகளுக்குச் சுமார் 162 டாலர்.

இதற்குக் காரணம் சதியெல்லாம் இல்லை. நிதி கேட்டு விண்ணப்பிக்கத் தணிக்கை செய்த கணக்கு வேண்டும், பல வருட வானிலைத் தரவு வேண்டும், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வேண்டும். போர் முதலில் அழிப்பதே இவற்றைத்தான். வானிலை நிலையமே எரிந்துபோன ஊரிடம் முப்பது வருட மழைக் கணக்கைக் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் காலநிலை, நிவாரணம், மீட்பு, அமைதி பற்றி ஒரு பிரகடனம் வெளியானது. நல்ல விஷயம்தான், ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது.

எண்ணெயை விட்டுவிட்டால் எண்ணெய்ச் சண்டைகளும் தீர்ந்துவிடும் அல்லவா?

நீண்ட காலத்தில் நடக்கலாம். இடைப்பட்ட காலம்தான் ஆபத்து. இராக் அரசின் வருமானத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு எண்ணெயிலிருந்து வருகிறது, தெற்குச் சூடானிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இப்படிப்பட்ட நாடுகளில் எண்ணெய்ப் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் போவதில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்குப் பதவியும் சம்பளமும் கொடுத்து அமைதியாக வைத்திருப்பதும் அதே பணம்தான். பாத்திரம் வற்றும்போது பங்கு கேட்கிறவர்கள் அடித்துக்கொள்வார்கள்.

பாஸ்ராவைப் பாருங்கள். இராக்கின் எண்ணெயில் பெரும்பங்கு அந்தப் பகுதியிலிருந்துதான் போகிறது. 2018 கோடையில் அங்கே குழாயில் வந்த தண்ணீரால் 1,18,000 பேராவது மருத்துவமனைக்குப் போனார்கள். மேல்நிலையில் அணைகள் பெருகி ஆற்று ஓட்டம் குறைந்திருந்தது, கடலின் உப்பு ஷத் அல் அரபு ஆற்றில் மேலேறி வந்தது, கழிவுநீரும் கலந்தது. வெயிலோ 50 டிகிரியைத் தொட்டது, மின்சாரமும் கிடையாது. எண்ணெயோடு வரும் எரிவாயுவை அதே மாகாணத்தில் இரவும் பகலும் வீணாக எரித்துக்கொண்டிருந்தார்கள், மின்நிலையங்களுக்கான எரிவாயுவையோ ஈரானிடமிருந்து வாங்கினார்கள். செப்டம்பரில் மக்கள் அரசு அலுவலகங்களுக்குத் தீ வைத்தார்கள். காலநிலை, எண்ணெய், ஆட்சி என்று தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துப் படிக்க முடியாத கதை இது.

பேட்டரிக் கனிமங்கள் அடுத்த 'ரத்த வைரமா'?

போருக்குப் பணம் கொடுத்த வைரங்களை அப்படிச் சொல்வார்கள். இந்தக் கனிமங்களையும் அந்த ஒரே சொல்லில் அடக்கினால் பாதி தப்பாகிவிடும். உலகின் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. ஆனால் கோபால்ட் கிடைக்கும் தெற்குப் பகுதி வேறு, ஆயுதக் குழுக்கள் தங்கத்துக்கும் கோல்டான் என்ற தாதுவுக்கும் மோதும் கிழக்குப் பகுதி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்தும் மாறிப்போகும்.

கோபால்ட் பகுதியில் இருப்பது வேறு வகை வன்முறை. கொல்வேசி நகரின் கசுலோ என்ற குடியிருப்பில் 2014-இல் ஒருவர் தன் வீட்டு மனையைத் தோண்டும்போது தாது கிடைத்தது. செய்தி பரவியதும் தெருவே தோண்ட ஆரம்பித்தது. வீட்டுத் தரைக்குக் கீழேயே சுரங்கம் போனது. தாங்கு கட்டை கிடையாது, காற்றுப் போக வழி கிடையாது, மண் சரிந்தால் உள்ளே இருப்பவர் அங்கேயே புதைந்தார். மேலே வந்த தாதுவைச் சாலையோரக் கொள்முதல் கடைகள் எடைபோட்டு வாங்கின. தராசும் தரம் பார்க்கும் கருவியும் வாங்குகிறவர் கையில் இருந்தன. அந்தத் தாதுவை உலகம் பசுமை என்ற பெயரில் வாங்கிக்கொள்கிறது.

மியான்மாரின் கச்சின் மாநிலத்தில் நிலைமை நேரடியாகவே போரோடு பிணைந்தது. மின்வாகன மோட்டாருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தங்களில் சேரும் டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற கன அருமண் தனிமங்களை அங்கே மலையைத் துளைத்து ரசாயனக் கரைசலை உள்ளே விட்டுப் பிரித்தெடுக்கிறார்கள். 2024 அக்டோபரில் கச்சின் விடுதலைப் படை பங்வா சுரங்கப் பகுதியைப் பிடித்தது. அதன் பிறகு உலகச் சந்தை விலையைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளர்ச்சிப் படையின் வரி விகிதத்தையும் சேர்த்துப் பேச வேண்டியதாகிவிட்டது.

'மோதல் கனிமங்களை வாங்காதே' என்று சட்டம் போட்டால் போதாதா?

ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். 2010 ஜூலையில் அமெரிக்காவின் டாட்-ஃபிராங்க் சட்டம், தன் 1502-ஆவது பிரிவில், காங்கோவையும் அதன் அண்டை நாடுகளையும் சேர்ந்த தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவை எங்கிருந்து வந்தன என்று நிறுவனங்கள் சொல்ல வேண்டும் என்றது. அதே செப்டம்பரில் காங்கோ குடியரசுத் தலைவர் கிழக்கு மாகாணங்களில் கைச்சுரங்கத் தொழிலுக்கே தடை போட்டார். அது மறு ஆண்டு மார்ச் வரை நீடித்தது. தடை நீங்கிய பிறகும், வம்பு எதற்கு என்று பல நிறுவனங்கள் அந்தப் பக்கமே வரவில்லை. கையால் தோண்டிப் பிழைத்த பெருங்கூட்டத்தின் அடுப்பு அணைந்தது. ஆயுதக் குழுக்களோ, எளிதில் கடத்தக்கூடிய தங்கத்தின் பக்கம் திரும்பிவிட்டன.

சட்டமே வேண்டாம் என்பது என் முடிவல்ல. கண்காணிப்பு வேண்டும். ஆனால் தோண்டுகிறவருக்குப் பாதுகாப்பான சுரங்கமும் நேர்மையான தராசும் கொடுக்காமல், தூரத்தில் ஒரு படிவத்தை நிரப்பினால் கனிமம் சுத்தமாகிவிடாது.

காற்றாலையும் சூரியப் பூங்காவும் யாருக்குத் தீங்கு செய்யும்?

இயந்திரம் தீங்கு செய்யாது, அது நிற்கும் நிலம் யாருடையது என்பதில்தான் பிரச்சினை. கென்யாவின் வடக்கே துர்கானா ஏரிக்கு அருகில் 365 காற்றாலைகள், 310 மெகாவாட். மின்கம்பி 400 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போகிறது. அந்த நிலம் மேய்ப்பர் சமூகங்கள் பொதுவில் ஆண்டுவந்தது. அதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிய பத்திரங்கள் சட்டப்படி முறையாகப் பெறப்படவில்லை என்று 2021 அக்டோபரில் கென்ய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

ஏழை நாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அதே 2021 அக்டோபரில் நார்வேயின் உச்ச நீதிமன்றம், ஃபோசன் தீபகற்பத்தில் 151 காற்றாலைகளுக்குக் கொடுத்த அனுமதி, அங்குள்ள பழங்குடியினரான சாமி இன மக்களின் கலைமான் மேய்ச்சல் உரிமையை மீறுகிறது, செல்லாது என்று ஒருமனதாகச் சொன்னது. காற்றாலைகளோ சுற்றிக்கொண்டே இருந்தன. 500 நாள் கழித்து இளைஞர்கள் அமைச்சக வாசலை மறித்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வேகம் பிடித்தது. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. பணக்கார நாடு, வலுவான நீதிமன்றம், சுத்தமான மின்சாரம் எல்லாம் இருந்தும் முதலில் கேட்டிருக்க வேண்டியவர்களைக் கடைசியில்தான் கேட்டார்கள்.

எரிபொருள் மானியத்தை எடுத்தால் ஏன் கலவரம் வெடிக்கிறது?

விலை ஏறுவது மட்டும் காரணமல்ல. ஈரானில் இரண்டு தடவை நடந்ததைப் பாருங்கள். 2010-இல் மானியத்தை வெட்டும் முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டார்கள், அப்புறம்தான் விலையை ஏற்றினார்கள். பெரிய கலவரம் வரவில்லை. 2019 நவம்பரில் நள்ளிரவில் முன்னறிவிப்பே இல்லாமல் பெட்ரோல் விலையை ஏற்றினார்கள். நாடு முழுக்கப் போராட்டம், நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கார்பன் வரி போட நினைக்கிற எந்த அரசும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2018-இல் எரிபொருள் வரியை எதிர்த்து எழுந்த மஞ்சள் அங்கிப் போராட்டத்தில் பிரான்ஸ் பட்டுத் தெரிந்துகொண்டதும் இதைத்தான்.

நிலக்கரி ஊர்களுக்கு என்ன ஆகும்?

2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், நிலக்கரியை விட்டு விலகத் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி கடன், மானியம் மிகக் கொஞ்சம். 2022 அக்டோபர் 31 அன்று அங்குள்ள கொமாட்டி அனல்மின் நிலையத்தின் கடைசி அலகு நின்றது. அதை மாற்றியமைக்க உலக வங்கி 49.7 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. சூரிய மின்சாரம், காற்றாலை, பயிற்சி நிலையம் எல்லாம் திட்டத்தில் இருந்தன. ஆனால் நிலையம் மூடிய நாளும் புது வேலை வரும் நாளும் ஒன்றாக இல்லை. இடையில் ஊர் வெறிச்சோடியது. தொழிலாளர்களையும் ஊர் மக்களையும் போதுமான அளவு கலந்து பேசவில்லை என்று அந்நாட்டுக் காலநிலை ஆணையமே பின்னால் ஒப்புக்கொண்டது. நல்ல திட்டம் தப்பான வரிசையில் நடந்தால் அதன் பெயர் அந்த ஊரில் கெட்டுப்போகிறது. பிறகு அடுத்த ஊர் எதற்குச் சம்மதிக்கும்?

சூரிய சக்தியால்கூடத் தண்ணீர்ப் பிரச்சினை வருமா?

யேமனில் வந்தது. 2015-இல் போர் தீவிரமானதும் டீசல் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகவில்லை. உழவர்கள் சூரிய பம்புக்கு மாறினார்கள், அதுதான் அவர்கள் பயிரைக் காப்பாற்றியது. ஆனால் டீசலுக்குக் காசு கொடுத்த காலத்தில் மோட்டாரை நிறுத்த ஒரு காரணம் இருந்தது. வெயிலுக்குக் காசில்லை. காலையிலிருந்து மாலை வரை பம்பு ஓடியது, நிலத்தடி நீர் இன்னும் கீழே போனது. அந்த உழவர்மேல் எனக்குக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. பக்கத்து வயல்காரர் இறைக்கும்போது இவர் மட்டும் எப்படி நிறுத்துவார்? எவ்வளவு இறைக்கலாம் என்று முடிவு செய்யும் பொதுவான இடம் ஒன்று போரில் அழிந்துவிட்டது. பம்பை மட்டும் கொடுத்து அந்த இடத்தைத் திரும்பக் கட்டாத உதவித் திட்டம் பாதி வேலைதான் செய்கிறது.

கோடிக்கணக்கான 'காலநிலை அகதிகள்' எல்லை தாண்டி வருவார்களா?

உலக வங்கி 2021-இல் சொன்ன 21.6 கோடி என்ற எண்தான் அதிகம் சுற்றுகிறது. அது தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடியவர்களின் மேல்வரம்பு, 2050 வரைக்குமான கணக்கு. இப்போதே செயல்பட்டால் 80 விழுக்காடு வரை குறைக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. மிகவும் ஏழைகளால் பல நேரம் நகரவே முடிவதில்லை. அந்த எண்ணை எல்லைச் சுவர் கட்டுவதற்கு ஆதாரமாகக் காட்டுவது வருத்தமாக இருக்கிறது.

காலநிலை மாற்றத்தைப் பற்றி ஐ.நா. பாதுகாப்பு சபை ஏன் முடிவெடுக்கவில்லை?

முதல் விவாதம் 2007 ஏப்ரலில் நடந்தது. 2021 டிசம்பர் 13 அன்று அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 12 நாடுகள் ஆதரவளித்தன. ரஷ்யா வீட்டோ செய்தது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது, சீனா விலகி நின்றது. எல்லா நாடுகளும் சமமாக உட்காரும் காலநிலை மாநாட்டை விட்டுவிட்டு, ஐந்து நாடுகள் வீட்டோ வைத்திருக்கும் சபைக்கு இதை ஏன் கொண்டுபோக வேண்டும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அமைதிப் படையை அனுப்புகிற சபை, அந்தப் படை போய் நிற்கும் இடத்தில் ஆறு வற்றுவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. மாலி, மாரிடேனியா, செனகல் மூன்றும் 1972-இல் செனகல் ஆற்றுக்காக ஒரு பொது அமைப்பை உண்டாக்கின. அணை எந்த நாட்டு மண்ணில் இருந்தாலும் மூவருக்கும் சொந்தம். மாலியிலுள்ள மனந்தாலி அணையின் மின்சாரம் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மாரிடேனியாவுக்கு 15 விழுக்காடு என்று பிரிகிறது. எத்தியோப்பியாவின் பெரும் மறுமலர்ச்சி அணை 2011 முதல் எகிப்தோடும் சூடானோடும் தீராத தகராறாக இழுத்துக்கொண்டிருப்பதோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும்.

ஆனால் இந்தக் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். அணை வரப்போகிறது என்றதும் பள்ளத்தாக்கில் பாசன நிலத்தின் மதிப்பு ஏறியது. 1989 ஏப்ரலில் ஆற்றங்கரையில் ஒரு மேய்ச்சல் தகராறில் இரண்டு உழவர்கள் இறந்தார்கள், அது செனகல், மாரிடேனியா இரண்டிலும் இனக் கலவரமாகப் பரவியது. மாரிடேனியா பல்லாயிரம் கறுப்பினக் குடிமக்களை ஆற்றுக்கு அந்தப்பக்கம் துரத்தியது. இரு நாடுகளும் தூதரக உறவை முறித்துக்கொண்டன. ஆற்று அமைப்பு மட்டும் கலையவில்லை. துரத்தப்பட்டவர்களில் சுமார் 24,000 பேர் 2008-க்கும் 2012-க்கும் இடையில் ஊர் திரும்பினார்கள். பலருடைய நிலத்தில் அப்போது வேறு யாரோ பயிர் செய்துகொண்டிருந்தார்கள்.